பலூன் உடைக்காத பிள்ளைகள்

“பலூன் உடைக்கிறது இல்லாம என்ன விளையாட்டு விழா?” என்று கேட்டு, சேவியர் மாஸ்டர் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். தேநீர்க் கோப்பைகள் கலகலத்தன. என் பக்கத்துக் கதிரையில் இருந்த அமலி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு குனிந்தாள்.

அவள் குனிந்ததை அந்த மேசையைச் சுற்றியிருந்தவர்களில் ஒருவரும் காணவில்லை. அவளைப் போன்ற பிள்ளைகளை ஓகஸ்ட் விடுமுறையில் எப்படிச் சந்தோசப்படுத்தலாம் என்ற யோசனையில் அத்தனை பேரும் மூழ்கிப் போயிருந்தார்கள்.

அமலி என் மகள். அப்போது பதினொரு வயது. ஓட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு மிகக் குறைவு. தேவைக்கு ஒரு சொல், அதுவும் மனம் வந்தால். மற்றவர்களுக்குக் காதில் மட்டும் கேட்கிற சத்தம் அவளுக்கு உடம்பெல்லாம் அடி விழுகிற மாதிரி. நான் மிக்சி போட்டால் வளவின் கடைசி மூலைக்கு ஓடிவிடுவாள்.

மாஸ்டர் ஓய்வுபெற்ற அதிபர். மன்னார் ரவுணில் அவரிடம் அடி வாங்காதவர்கள் என்று தேடினால், என்னைப் போல வெளியில் வளர்ந்து திரும்பி வந்தவர்கள்தான் அகப்படுவார்கள். இப்படியான பிள்ளைகளுக்கென்று எங்கள் பக்கத்தில் இருந்த ஒரே சிறு நிலையத்துக்கு அவர்தான் தலைவர். கடை கடையாக ஏறி இறங்கி உதவி கேட்பவரும் அவர்தான். நல்ல மனிதர். கெட்டவர்களோடு சண்டை பிடிப்பது சுகம். நல்ல மனிதர்களோடு சண்டை பிடித்துப் பார்த்தால்தான் கஷ்டம் தெரியும்.

அன்றைய கூட்டத்தில் பலூனுக்கு முன்னரே சங்கீதக் கதிரை ஏகமனதாக நிறைவேறியிருந்தது. யானைக்குக் கண் வைத்தலும் நிறைவேறியிருந்தது. கண்ணைக் கட்டினால் ஊரைக் கூட்டுகிற பிள்ளைகளுக்குக் கண்ணைக் கட்டி விளையாட்டு. அதன் பிறகு செயலாளர் பேச்சுப் போட்டி என்றார்.

“பேச்சுப் போட்டியோ? எங்கட பிள்ளையளில பாதிப் பேர் கதைக்கிறதே இல்லை, மாஸ்டர்” என்றேன்.

“அதுதான் தங்கச்சி, ஊக்கப்படுத்த வேணும்.”

எனக்கு மற்றப் பக்கத்தில் உப்புக்குளத்துப் பரீனா இருந்தாள். அவளுடைய மகன் அஸ்லமும் எங்கள் நிலையத்துப் பிள்ளைதான். மேசைக்குக் கீழே என் கையைக் கிள்ளி, சிரிப்பை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

“மாஸ்டர், ஒரு பஸ் எடுப்பம்” என்றேன். “தலைமன்னார்ப் பக்கம் கொண்டுபோய்க் கடலைக் காட்டி, சாப்பாடு குடுத்துக் கூட்டிக்கொண்டு வருவம். மைக் வேண்டாம், பாண்ட் வாத்தியம் வேண்டாம். பிள்ளையளுக்கு அது காணும்.”

மாஸ்டர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “அது நிகழ்ச்சி இல்லையே தங்கச்சி. அது பயணம். பிரதம விருந்தினரை எங்க இருத்துறது? பஸ்ஸிலயோ?”

நிரல் அடித்துக் கொடுப்பவள்

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து வாசிப்பவர்களுக்கு என் தொழில் தெரியும். கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போகிற வழியில் ஒரு சிறிய போட்டோக் கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். ஒரு கொம்பியூட்டர், ஒரு பிரிண்டர், அட்டைகளுக்குப் பிளாஸ்டிக் உறை போடுகிற ஒரு மெசின். மன்னார்த் தீவில் நடக்கிற விழாக்களில் பெரும்பாலானவற்றின் நிகழ்ச்சி நிரல் என் விரல்களுக்குள்ளால்தான் வெளியே வரும்.

ஆகவே நிகழ்ச்சி நிரல் விஷயத்தில் நான் நிபுணி என்று துணிந்து சொல்லலாம். முதலில் வாசலில் வரவேற்பு, மாலை, பாண்ட். பிறகு மங்கள விளக்கேற்றல். ஒரு திரிக்கு ஒரு பெரிய மனிதர் என்று கணக்கு வைத்து, திரி போதாமல் போனால் இன்னொரு விளக்கு இரவல் வாங்குவார்கள். பிறகு ஆசியுரை, சமயத்துக்கு ஒன்று. பிறகு வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, பிரதம விருந்தினர் உரை. கடைசியில் நன்றியுரை. நன்றியுரையில் முதலிலிருந்து எல்லோருடைய பெயரையும் இன்னொருமுறை சொல்வார்கள்.

நூலகம் திறந்தாலும் இதுதான், நுளம்பு ஒழித்தாலும் இதுதான். பெயரையும் திகதியையும் மாற்றினால் போதும். நான் புதிதாக அடிப்பதே இல்லை.

எங்கள் பிள்ளைகளின் விழாவுக்கும் மாஸ்டர் தன் கைப்பட எழுதிய நிரலைக் கொண்டுவந்து தந்தார். நானும் அடித்துக்கொண்டே போனேன். பரிசளிப்புக்கும் நன்றியுரைக்கும் நடுவில் ஒரு வரி இருந்தது: “பிள்ளைகளின் நிகழ்வு (நேரம் இருப்பின்).”

அந்த அடைப்புக்குறியை இரண்டு தரம் வாசித்தேன். பிறகு அப்படியே அடித்துக் கொடுத்தேன். வாடிக்கையாளர் எழுதியதைத் திருத்துவது என் வேலை இல்லை.

போன ஆண்டுக் கூத்து

எனக்கு ஏன் இவ்வளவு வயிற்றெரிச்சல் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு முந்திய ஓகஸ்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அந்த முறையும் மண்டபம், அந்த முறையும் பாண்ட். பிள்ளைகளை வாசலில் இரண்டு வரிசையாக வெயிலில் நிறுத்தி, கையில் ஆளுக்கொரு கொடி கொடுத்திருந்தார்கள். விருந்தினர் வந்து இறங்கியதும் பெரிய மேளத்தை ஒருவர் அடித்தார். அமலி தன் மணிக்கட்டைக் கடித்தாள். அடுத்த அடிக்கு வரிசையை உடைத்துக்கொண்டு றோட்டுக்கு ஓடினாள். ஒரு லொறிக்காரன் போட்ட பிரேக்கில் அவள் உயிர் தப்பியது. அந்த ரயர் சத்தம் இப்போதும் சில வேளை என் காதில் கேட்கிறது.

அவளை அள்ளித் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தபோது, கொடியைக் கீழே போடக்கூடாது என்று ஒருவர் எனக்குச் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து நிலையத்தின் செயலாளர் கூப்பிட்டார். பக்குவமான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். “குறை நினைக்காதேங்கோ. இனியும் ஒருக்கா இப்பிடிக் குழப்பம் வந்தா, பிள்ளையை வீட்டிலேயே வைச்சிருக்கிறதுதான் நல்லம். மற்றப் பிள்ளையளுக்கும் இடைஞ்சல்தானே?” என்றார்.

ஆக, இப்படியான பிள்ளைகளுக்கென்று இருக்கிற ஒரே இடத்திலிருந்து, இப்படியான பிள்ளை என்பதற்காக என் மகளை நிறுத்தப் போகிறார்கள். அந்த நிலையத்துக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் அவள் இன்னொரு பிள்ளையின் பக்கத்தில் இருக்கப் பழகியிருந்தாள். அஸ்லம் மணலைக் கையால் அள்ளி விடுவான், அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். அது இரண்டு பேருக்கும் போதும். அந்த இடமும் இல்லையென்றால் அவளுக்கு இருப்பது எங்கள் வீட்டு விறாந்தையும் சுழல்கிற மின்விசிறியும்தான்.

எனக்குப் பயம் பிடித்தது. நிரலைத் திருத்தாமல் அடித்துக் கொடுத்ததற்கும் அந்தப் பயம்தான் காரணம்.

பிஸ்கட் பைக்கற்

கொடி பிடித்து வரிசையில் நிற்பது எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல. பள்ளிமுனையிலிருந்து படகில் ஏறித் தமிழ்நாட்டுக்குப் போனபோது நான் நடை பழகி முடியாத பிள்ளை. திரும்பி வந்தது கலியாண வயதில். நடுவில் முழுவதும் அகதி முகாம்.

முகாமுக்குப் பெரிய ஆட்கள் வருவார்கள். வருகிற அன்று அம்மா என் தலையில் எண்ணெயை அப்பி, இரட்டைப் பின்னல் இழுத்துக் கட்டி, வரிசையில் கொண்டுபோய் நிறுத்துவா. நாங்கள் ஒரு பாட்டுப் பாட வேண்டும். அவர்கள் ஆளுக்கொரு பிஸ்கட் பைக்கற் தருவார்கள்.

ஒருமுறை என் கையில் பைக்கற்றை ஒரு அம்மையார் வைத்தார். நான் உடனே பிரித்து ஒரு பிஸ்கட்டை வாயில் போட்டுவிட்டேன். படம் பிடிப்பவர், “சரியா விழல மேடம், இன்னொரு தடவ குடுங்க” என்றார். அம்மையார் என் கையிலிருந்த பைக்கற்றை வாங்கி, பிரித்த பக்கத்தை மடித்து மறைத்து, சிரித்துக்கொண்டே திரும்பவும் தந்தார். என் வாய் நிறைய பிஸ்கட். என்னையும் சிரிக்கச் சொன்னார்கள்.

அந்தப் படம் எங்கேயோ ஒரு சுவரில் இன்னும் தொங்கக்கூடும். அதில் கன்னம் உப்பி நிற்கிற பிள்ளை நான்தான்.

படம் போட்ட அட்டைகள்

விடுமுறை வந்தால் மற்ற வீடுகளில் பிள்ளைகள் துள்ளுவார்கள். எங்கள் வீட்டில் அமலி உடைந்துபோவாள். பள்ளி மணி இல்லை, வெள்ளைச் சட்டை இல்லை, அடுத்தது என்ன என்று தெரியாது. தெரியாத நாள் அவளுக்குப் பெரிய பயம். சாப்பாட்டைத் தள்ளிவிடுவாள், நித்திரை கொள்ள மாட்டாள்.

உறவுக்காரர்களின் ஆலோசனைக்கு மட்டும் விடுமுறையே இல்லை. நாக்கில் தேன் தடவு என்றார் ஒரு மாமி. மடு மாதாவுக்கு நேர்த்தி வை என்றார் இன்னொருவர். முருங்கனில் நெல் ஆலையில் வேலை செய்கிற என் கணவரிடம் அவருடைய முதலாளி, பிள்ளைக்குச் செல்லம் கூடிவிட்டது, இரண்டு போட்டால் சரியாகும் என்று சொல்லியிருக்கிறார். அந்த முதலாளியின் மகன் போன மாதம் மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோய் மதிலில் மோதினான். அவனுக்கு எத்தனை போட்டார் என்று தெரியவில்லை.

எனக்குக் கைகொடுத்தது என் கடை மெசின். படங்களை அச்சடித்து, உறை போட்டு, ஒரு கயிற்றில் கோர்த்து அடுக்களைச் சுவரில் தொங்கவிட்டேன். தேநீர், குளிப்பு, கடை, மணல், சோறு. ஒன்று முடிய ஒன்றைத் திருப்பிவிடுவாள். அடுத்தது தெரிந்தால் அமலியைப் போல நல்ல பிள்ளை இந்தத் தீவில் இல்லை.

மாஸ்டருடன் இரண்டு கிழமை போராடியதில் ஒரு வெற்றி கிடைத்தது. விழா ஒரு நாள், பஸ் பயணம் வேறொரு நாள் என்று ஒத்துக்கொண்டார். அதுவும் முதலில் பஸ். “நான் சொன்னா சொன்னதுதான் தங்கச்சி, நேரா கடலுக்கு” என்றார். அந்த வாக்கை நம்பி நான்கு அட்டைகள் செய்தேன். பஸ், காற்றாடி, கடல், சோறு.

காற்றாடி என்பது தலைமன்னார் வீதியால் போகும்போது தெற்குக் கரையில் வரிசையாக நிற்கிற மின்சாரக் காற்றாடிகள். ஊரில் பாதிப் பேர் அவற்றைத் திட்டுகிறார்கள். திட்டக் காரணமும் உண்டு. ஆனால் வீட்டு மின்விசிறியையே நாள் முழுக்கப் பார்க்கிற பிள்ளைக்கு அவை என்ன என்று யோசித்துப் பாருங்கள். அந்த நான்கு அட்டைகளையும் ஒரு கிழமையாக அவள் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தாள்.

பத்து நிமிஷம்

அன்று காலை பஸ் நேரத்துக்கு வந்தது. எங்கள் நிலையத்து இன்னொரு தாயான சிவமலர் முருங்கனிலிருந்து முதல் பஸ்ஸில் தன் மகளோடு வந்து இறங்கிக் காத்து நின்றாள். பரீனா அஸ்லமைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். பிள்ளைகள் ஏறினார்கள், தாய்மார் ஏறினோம். சாப்பாட்டை மாஸ்டர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அமலி ஜன்னல் ஓரம் இருந்து பஸ் அட்டையை மடியில் வைத்துக்கொண்டாள்.

பஸ் தலைமன்னார்ப் பக்கம் திரும்பவில்லை. மண்டபத்து வாசலுக்குள் திரும்பியது.

வாசலில் வாழைமரம். பெரிய பதாகை. வெள்ளைக் காற்சட்டையும் சேர்ட்டுமாக மாஸ்டர். ஏறி இறங்குகிற படியில் ஒரு காலை வைத்து உள்ளே தலையை நீட்டினார்.

“பத்து நிமிஷம், பத்தே நிமிஷம். பிரதம விருந்தினருக்கு மற்ற நாள் வசதியில்லையாம். இண்டைக்கே ஒரு சின்ன நிகழ்வை முடிச்சுப்போட்டு நேரா கடல்தான். எல்லாரும் இறங்குங்கோ.”

விழாவும் பயணமும் ஒரே நாளில் விழுந்துவிட்டன. இதை எங்களுக்கு முன்னமே சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சொன்னால் சண்டை பிடிப்பேன் என்பது தோன்றியிருக்கலாம்.

அமலி மண்டபத்தைப் பார்த்தாள். மடியிலிருந்த அட்டையைப் பார்த்தாள். அடுத்த அட்டையை எடுத்தாள். காற்றாடி. ஜன்னலுக்கு வெளியே தேடினாள். வாழைமரம்தான் நின்றது. சீற்றின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“இல்ல” என்றாள்.

அவள் இறங்காததைக் கண்டு அஸ்லமும் இறங்கவில்லை. சிவமலரின் மகள் ஏற்கெனவே செருப்பைக் கழற்றி வெளியே எறிந்துவிட்டாள். ஒன்றிரண்டு பிள்ளைகள் இறங்கி, பந்தலில் பள்ளிக்கூடப் பாண்டைக் கண்டதும் திரும்பி ஏறிவிட்டார்கள். தாய்மாரும் பஸ்ஸுக்குள்ளேயே இருந்தோம். எங்களில் ஒருவரும் சங்கம் அமைத்து முடிவெடுக்கவில்லை, களைப்புத்தான்.

பிரதம விருந்தினர் வரவில்லை. வந்துகொண்டிருக்கிறார் என்றார்கள். தீவுக்குள் வருகிற பாலத்தைத் தாண்டிவிட்டார் என்றார்கள். பிறகு, பாலத்துக்கு வரவில்லை, இனித்தான் வெளிக்கிடுகிறார் என்றார்கள். பஸ் தகரம் கொதித்தது. பிள்ளைகளுக்குப் பசி. சாப்பாட்டுப் பார்சல்கள் மண்டபத்துக்குள் மேசையில் அடுக்கியிருந்தன, வாசனையே வந்தது. ஆனால் முதல் பார்சலை விருந்தினர் கையால் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

பரீனா இறங்கிப் போனாள். கொஞ்சத்தில் ஒரு பெரிய பையை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

“தந்தாங்களா?” என்றேன்.

“கேட்டன், தரேல்ல ஜெசி அக்கா. அதால கேக்காம எடுத்தன்.”

அந்த நேரம் பார்த்துப் பாண்டுக்காரர் மேளத்தை ஒத்திகை பார்த்தார். ஒரே ஒரு அடி. அமலியின் மணிக்கட்டு வாய்க்குப் போனது.

போன ஆண்டு றோட்டு என் கண்ணுக்குள் வந்தது. இன்னும் இரண்டு அடி விழுந்தால் இவள் பாய்வாள். பாய்ந்தால் குழப்பம். குழப்பம் என்றால் செயலாளரின் பக்குவமான குரல். நான் பயந்து பயந்து காப்பாற்ற நினைத்த இடம் அதோடு போய்விடும். பேசாமல் இருந்தாலும் போகும், பேசினாலும் போகும். எனக்குள் இருந்த பயம் அப்படியே கோபமாக மாறியது.

சாரதியிடம் போனேன். “அண்ணை, பஸ்ஸை எடுங்கோ.”

“எங்க தங்கச்சி?”

“எங்க போறதெண்டு உங்களுக்குச் சொன்னவை?”

“தலைமன்னார் எண்டுதான். ஆனா மாஸ்டர் என்னைக் கொல்லுவார்.”

“மாஸ்டர் என்னைத்தான் முதல்ல கொல்லுவார். நீங்கள் ரெண்டாவது. எடுங்கோ.”

கழுதைகள்

எடுத்தார். ஆனால் மன்னாரில் எந்தப் புரட்சியும் கழுதைகளைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும். வாசலுக்கு நேரே ஒரு கழுதைக் கூட்டம் குறுக்கே நின்றது. வாழைமரத்தில் ஒன்று வாய் வைத்திருந்தது.

சாரதியின் கை ஹோர்னுக்குப் போனது. “அடிக்காதேங்கோ!” என்று பஸ்ஸில் இருந்த தாய்மார் எல்லோரும் ஒரே குரலில் கத்தினோம். அந்த ஹோர்ன் அடித்திருந்தால் பஸ்ஸுக்குள் யாரும் மிஞ்சியிருக்க மாட்டோம்.

பின்னால் திரும்பிப் பார்த்தால் மாஸ்டர் மண்டபத்துப் படியில் இறங்கி வருகிறார். அவருக்குப் பின்னால் செயலாளர், கையில் ஒரு மாலையோடு. பஸ் நகர்வதைக் கண்டதும் மாஸ்டர் ஓடத் தொடங்கினார்.

பரீனா குடையை எடுத்துக்கொண்டு குதித்தாள். “போங்க வாப்பா, போங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்று ஒவ்வொரு கழுதையின் பின்பக்கத்தையும் குடை நுனியால் தட்டினாள். அவை அவளை ஏற இறங்கப் பார்த்தன. யோசித்தன. ஒன்று நகர, மற்றவையும் நகர்ந்தன. வாழைமரத்தை விட மனமில்லாத அந்த ஒன்று மட்டும் மரத்தையும் இழுத்துக்கொண்டு போனது.

பரீனா ஓடி ஏறவும் பஸ் றோட்டுக்கு ஏறியது. மாஸ்டர் வாசலில் இடுப்பில் கைவைத்து நின்று மூச்சு வாங்கினார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. இறங்கிப் போய்ச் சமாதானம் சொல்லும் அளவுக்குப் பாவமாக இருக்கவில்லை.

இன்னொருக்கா

பேசாலையைத் தாண்டியதும் முதல் காற்றாடி தெரிந்தது. அமலி ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்தாள். வாயிலிருந்து மணிக்கட்டு தானாக இறங்கியது. சோளகக் காற்று வெறிபிடித்து வீசிய நாள், அத்தனையும் சுழன்றன. அவள் தொண்டைக்குள் ஒரு முனகல் எழும்பியது. சந்தோசம் வந்தால் மட்டும் வருகிற முனகல் அது. எனக்குக் கண் நிறைந்தது.

கடலில் ஒரு நிகழ்ச்சியும் நடக்கவில்லை. அஸ்லம் மணலை அள்ளி விட்டான். அமலி பார்த்தாள். சிவமலரின் மகள் வெறுங்காலோடு அலைக்கரையில் போய்வந்துகொண்டிருந்தாள். களவெடுத்த சோற்றுப் பார்சலைப் பிரித்து, மீனை ஒருபுறம் சோற்றை ஒருபுறம் பிரித்து வைத்துக் கொடுத்தேன். முழுவதையும் சாப்பிட்டாள். யாரும் உரையாற்றவில்லை.

திரும்பி வருகிற வழியில் கடைசிக் காற்றாடி பின்னால் போனபோது அவள் எழுந்து நின்றாள்.

“இன்னொருக்கா” என்றாள்.

அவள் வாயில் அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “எப்பிடியும் கொல்லத்தான் போறார்” என்று சொல்லிக்கொண்டு பஸ்ஸைத் திருப்பினார்.

பென் டிரைவ்

அன்று பின்னேரம் மாஸ்டர் மோட்டார் சைக்கிளில் வீட்டுப் படலையடிக்கு வந்தார். ஒரு புதிய புத்தகப் பையை நீட்டினார். “பிள்ளைக்கு” என்றார். போய்விட்டார். மற்றப் பிள்ளைகளின் வீடுகளுக்கும் அப்படியே போய்க் கொடுத்திருக்கிறார்.

செயலாளரிடமிருந்து அழைப்பு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஒரு கிழமை கழித்து மாஸ்டர்தான் கடைக்கு வந்தார், கையில் பென் டிரைவ்.

“விழாப் படங்கள். அல்பத்துக்குப் பிரிண்ட் வேணும்.”

“எந்த விழா மாஸ்டர்?”

அவர் மேலே பார்த்து, கடை முகட்டில் இருந்த பல்லியைக் கவனித்தார்.

படங்களைத் திறந்தேன். விளக்கேற்றல். விளக்கேற்றல். விளக்கேற்றல். பிறகு பிள்ளைகள். பதாகையில் “விசேட தேவையுடைய எமது செல்வங்கள்” என்று கொட்டை எழுத்து. கீழே வரிசையாக நின்றவர்கள் மாஸ்டரின் பேரப்பிள்ளைகள், செயலாளரின் இரண்டு மகள்மார், மீதிப் பேர் பாண்ட் பிள்ளைகள். பாண்ட் தொப்பியைக் கழற்றியிருந்தார்கள். காற்சட்டைக் கரையில் சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. ஒவ்வொருவரும் விருந்தினரின் கையால் ஒரு புத்தகப் பை வாங்கினார்கள். எங்கள் வீட்டில் இருக்கிற அதே பை. படம் எடுத்து முடிய அவர்களிடமிருந்து திருப்பி வாங்கியிருக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கதிரையில் சாய்ந்து வயிறு நோகச் சிரித்தேன். மாஸ்டரும் மெதுவாகச் சிரித்தார்.

“என்ன செய்யிறது தங்கச்சி? மனுசன் அவ்வளவு தூரம் வந்திட்டார். வெறும் மண்டபத்தைக் காட்டேலுமோ?”

“அவர் ஒண்டும் கேக்கேல்லையோ?”

“கேட்டவர்.” மாஸ்டர் தயங்கினார். “பிள்ளையளைப் பாத்தா வித்தியாசமே தெரியேல்ல, நல்லாப் பயிற்சி குடுத்திருக்கிறியள் எண்டு பாராட்டினவர்.”

சிரிப்பு நின்றுவிட்டது. என் பிள்ளைக்கான விழா என் பிள்ளை இல்லாமலே குறையில்லாமல் நடந்து முடிந்திருக்கிறது. அவள் இல்லாததுதான் அதற்குக் கிடைத்த பாராட்டு. அந்தக் கோபம் இன்னும் எனக்குள் இருக்கிறது. இருக்கட்டும் என்றுதான் வைத்திருக்கிறேன்.

படங்களை அச்சடித்துக் கொடுத்தேன். ஒரு பிரதியைக் கொம்பியூட்டரில் வைத்துக்கொண்டேன். செயலாளர் கடைப்பக்கம் வந்தால் நல்ல மரியாதையாக, “உங்கட மகள்மார் படத்தில நல்ல வடிவு” என்று சொல்வேன். அமலியை நிறுத்துகிற கதை அதற்குப் பிறகு எழும்பவே இல்லை.

அதே மேசை

அடுத்த ஓகஸ்டுக்கு முன் மறுபடியும் அதே மேசை, அதே தேநீர்க் கோப்பைகள். போன ஆண்டு விழா பெரு வெற்றி என்று அறிக்கை வாசித்தார்கள். கைதட்டினார்கள். அமலி காதைப் பொத்தினாள்.

“இந்த முறையும் அதே மாதிரி வைப்பம்” என்றார் செயலாளர்.

“ஓம், அதே மாதிரி வைப்பம்” என்றேன் நான்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஆமோதிப்பது அந்த மேசைக்குப் புதிது.

“அதே மாதிரி எண்டா முழுக்க அதே மாதிரி. மண்டபம் உங்களுக்கு. விளக்கு, மாலை, பாண்ட், உரை, எல்லாம் உங்களுக்கு. வரிசையில நிக்கிறதுக்குப் பிள்ளையளும் உங்களிட்ட இருக்கினம், பழக்கமும் இருக்கு. எங்களுக்குப் பஸ்ஸும் சாப்பாட்டுப் பார்சலும் காணும். காலமையே தந்திட்டியளெண்டா பரீனா களவெடுக்கத் தேவையில்லை.”

செயலாளர் கோப்பைக்குள் பார்த்தார். மாஸ்டருடைய முகத்தில் ஒரு நிம்மதி பரவுவதைக் கண்டேன். பிறகு என் பக்கம் சாய்ந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரித் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“அப்ப... பலூன் உடைக்கிறதை வைக்கலாமோ?”

“வையுங்கோ மாஸ்டர். வடிவா வையுங்கோ. எத்தினை வேணுமெண்டாலும் உடையுங்கோ.”

அந்த ஆண்டு மண்டபத்தில் பலூன் வெடித்த நேரம் நாங்கள் பேசாலையைத் தாண்டியிருந்தோம். அமலி ஜன்னலில் நெற்றியை வைத்து முனகிக்கொண்டு வந்தாள். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.